அலுமினிய போட் டெக்ல கார்பெட் நாமளே ஒட்டுறது: பழைய பசை, ஹேட்ச் மூடி, ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்துக்கும் ஐடியா வேணும்

படகுப்பிரியன்:
வணக்கம் நண்பர்களே. பழைய 18 அடி அலுமினிய போட் ஒண்ணு வாங்கி நானே ரெடி பண்ணிட்டு இருக்கேன். இன்ஜின், வயரிங் வேலை முடிஞ்சுது, இப்ப டெக் (நாம நிக்குற தளம்). மேல இருந்த கார்பெட் வெயில்ல நைஞ்சு போய் அடியில ஈரம் தங்கி ஒரே நாத்தம், அதனால மொத்தமா கிழிச்சு எடுத்துட்டேன். கீழ ப்ளைவுட் மேல பசை காஞ்சு திட்டுத்திட்டா நிக்குது. இதை முழுசா சுரண்டி எடுக்கணுமா, இல்ல அதுக்கு மேலயே புதுப் பசை போடலாமா? வீட்டுக்குப் போட்டது போக மிச்சம் இருக்குற கார்பெட் ஆகுமா? அப்புறம் ஒட்டுறதா, இல்ல பட்டன் வச்சு கழட்டி மாட்டுற மாதிரி பண்றதா? ஹேட்ச் (டெக்ல திறந்து மூடுற வாய்) மூடிங்க மட்டும் நாலஞ்சு இருக்கு, சீட் வேற திரும்ப மாட்டணும். செஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மரவேலைக்காரன்:
ப்ரோ, கார்பெட்டை விடுங்க, முதல்ல ப்ளைவுட்டைப் பாருங்க. நாத்தம் அடிச்சுதுன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப ஈரம் உள்ள இறங்கியிருக்க வாய்ப்பு நிறைய. ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்து ஓரம், மூலை, சீட் ஸ்க்ரூ இருந்த ஓட்டையைச் சுத்தி எல்லாம் குத்திப் பாருங்க, நல்ல மரம்னா முனை இறங்காது, மக்கிப்போனதுன்னா பொதபொதன்னு இறங்கும். சுத்தியல் பிடியால தட்டினா சத்தமும் மாறும். மக்கின பலகை மேல எவ்வளவு நல்ல கார்பெட் ஒட்டினாலும் வீண், பலகையை மாத்திடுங்க.

மாத்துறப்போ ஒண்ணு கவனம். பூச்சி அரிக்காம இருக்க தாமிரம் கலந்த மருந்து ஏத்தின ப்ளைவுட் விப்பாங்க, அது அலுமினிய போட்டுக்கு ஆகவே ஆகாது, ஈரம் பட்டா தாமிரமும் அலுமினியமும் சேர்ந்து அலுமினியத்தை அரிச்சுத் தின்னுடும். வாட்டர்ப்ரூஃப் பசை போட்டுச் செஞ்ச சாதா மரைன் ப்ளைவுட் வாங்கி ரெண்டு பக்கமும், முக்கியமா வெட்டின ஓரத்துலயும், எபாக்ஸி (ரெண்டு திரவம் கலந்து பூசுற பிசின்) அடிச்சு சீல் பண்ணுங்க. எபாக்ஸி காஞ்சதும் சிலதுல மேல மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அதைத் தண்ணி விட்டு நல்லா கழுவித் தேய்ச்சுட்டுதான் கார்பெட் பசை போடணும், இல்லேன்னா பிடிக்காது.

பழைய பசை பத்தி: ஒரு பொட்டு விடாம எடுக்கணும்னு இல்ல, ஆனா மேடா நிக்குறது, உதிர்றது எல்லாம் போயே ஆகணும், மேடு இருந்தா கார்பெட் மேல அப்படியே தெரியும். நீளக் கைப்பிடி ஸ்க்ரேப்பர், அதுக்கப்புறம் 40 கிரிட் (நல்ல சொரசொரப்பான) உப்புத்தாள் போட்டு சாண்டர், மாஸ்க் கட்டாயம். அலுமினியம் தெரியுற இடத்துல சாதா இரும்பு வயர் பிரஷ் போடாதீங்க, இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு அங்கேருந்து அரிப்பு ஆரம்பிக்கும், ஸ்டெயின்லெஸ் பிரஷ்தான். காஸ்டிக் கலந்த பெயின்ட் ரிமூவரும் வேண்டாம், அது நேரா அலுமினியத்தையே கரைக்கும்.

ஆழ்கடல்:
மேல சொன்னதோட பாதுகாப்பு விஷயம் ஒண்ணு சேர்த்துக்குறேன். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அது கீழ பில்ஜ்ல (போட்டோட அடிப்பள்ளம்) போய் தேங்கி நிக்கும். டேங்க் டெக்குக்கு அடியில இருந்தா ஹீட் கன், சாண்டர் எதை ஆன் பண்றதுக்கு முன்னாடியும் எல்லா ஹேட்ச்சையும் திறந்து விட்டு நல்லா காத்தோட்டம் வந்துருச்சான்னு பாருங்க, பேட்டரியைக் கழட்டிடுங்க. பசை கரைக்குற சால்வென்ட்டையும் ஹீட் கன்னையும் ஒரே நேரத்துல பக்கத்துல வச்சு வேலை செய்யவே கூடாது.

வீட்டுக் கார்பெட் கண்டிப்பா வேண்டாம் நண்பா. சில கார்பெட்டுக்கு அடியில சணல் இருக்கும், தண்ணி குடிச்சு மக்கிடும். மரைன் கார்பெட் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அந்த இழை தண்ணியை உறிஞ்சவே உறிஞ்சாது, இழைக்கு நடுவுல நிக்குற தண்ணி வடிஞ்சா காஞ்சுடும். வெயில்ல பொடியாகாம இருக்க யூவி மருந்தும் சேர்த்திருப்பாங்க. ஒட்டுறதுக்கு அடியில ரப்பர் இல்லாத மெல்லிசு ரகம் போதும், வளைவுல நல்லா படியும்.

ரோலை வாங்கினதும் பிரிச்சு கொஞ்ச நேரம் வெயில்ல விரிச்சுப் போடுங்க, மடிப்பு போயிடும். எல்லாத் துண்டும் இழை ஒரே திசையில சாய்ஞ்சு இருக்கணும், ஒரு துண்டு மாறினாலும் நிறமே வேற மாதிரி தெரியும், அதனால வெட்டுறதுக்கு முன்னாடி பின்பக்கம் எல்லாத்துலயும் அம்புக்குறி போட்டுடுங்க. சுத்தி ரெண்டு இன்ச் அதிகமா விட்டு வெட்டி, ஒட்டினப்புறம் ஓரத்தை ட்ரிம் பண்ணுங்க. பசை வெளிப்புறத்துக்குன்னு வர்ற வாட்டர்ப்ரூஃப் கார்பெட் பசையா இருக்கணும், பல்லு வச்ச பூச்சுக் கரண்டியால இழுத்துவிட்டு, பாதி கார்பெட்டை மடிச்சு வச்சுட்டு ஒரு பாதி ஒட்டி முடிச்சு அடுத்த பாதி. நடுவுல இருந்து ஓரத்துக்கு ரோலர் போட்டு காத்தைத் தள்ளுங்க. கொளுத்துற வெயில்ல செய்யாதீங்க, கார்பெட் படியுறதுக்குள்ள பசை தோல் கட்டிடும்.

நீலத்திரை:
எனக்கு முழுசா ஒட்டுறதுல உடன்பாடு இல்லீங்க. ஒட்டின கார்பெட்டைக் கழட்டி காய வைக்க முடியாது, இப்ப நம்ம நண்பர் அதே காரணத்துக்காகத்தானே கிழிச்சுட்டு உக்காந்திருக்கார்? டெக்குக்கு நான்ஸ்கிட் (வழுக்காத) பெயின்ட் அடிச்சுட்டு, மேல ஸ்நாப் பட்டன் வச்ச கார்பெட் போட்டா வேணும்ங்கறப்போ எடுத்து அலசி காயப் போடலாம். அடிக்கடி மழையில நிக்குற போட்டுக்கு இதுதான் சரி.

மரவேலைக்காரன்:
ஃபைபர் போட்டுக்கு நீங்க சொல்றது ரொம்ப சரிங்க, அதுல டெக் ஏற்கனவே வழுவழுன்னு முடிஞ்சிருக்கும். ப்ளைவுட் டெக்ல ஒவ்வொரு பட்டனும் ஒரு ஸ்க்ரூ ஓட்டை, தண்ணி இறங்க ஒரு வழி. ஓரம் எல்லாம் தைக்கணும், தைக்காட்டி பிரிஞ்சு வரும். இவருக்கு ஒட்டுறதுதான்னு நான் நினைக்குறேன், ஆனா தண்ணி வடியுற ஓட்டை ஒண்ணு கூட அடைபடக் கூடாது, மழை நாள்ல கவர் போட்டு மூடணும்.

படகுப்பிரியன்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். குத்திப் பார்த்தேன், பின்பக்க ஓரத்துல ஒரு பலகை போயிருக்கு, மாத்திடுறேன். ஒட்டுறதுன்னே முடிவு பண்ணிட்டேன் ஆனா ஹேட்ச் மூடிதான் புரியல, கார்பெட் சுத்தினா மூடி உள்ள போகுமா?

ஆழ்கடல்:
கணக்குப் போட்டுப் பாருங்க. கார்பெட் 3 மிமீன்னு வைங்க, மூடிக்கு ரெண்டு பக்கம், மூடி உக்கார்ற சட்டத்துக்கு ரெண்டு பக்கம், மொத்தம் 12 மிமீ அகலம் போயிடும். அதனால சட்டத்துல கார்பெட்டை மேல் விளிம்போட வெட்டி நிறுத்திட்டு மூடிக்கு மட்டும் சுத்துங்க, அப்பவும் இடுக்கு பத்தலேன்னா மூடியோட ஓரத்தைக் கொஞ்சம் சீவி, சீவின இடத்துக்குத் திரும்ப எபாக்ஸி. மூலையில V மாதிரி வெட்டி எடுத்துட்டு மடிச்சாதான் குண்டா நிக்காது. அடியில ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள், சாதா பின் அடிச்சா சீக்கிரமே துரு இறங்கி கறை பிடிக்கும்.

சீட் ஸ்க்ரூவுக்கு கார்பெட் மேல நேரா ட்ரில் போடாதீங்க, இழை பிட்ல சுத்திக்கிட்டு நீளமா உருவிக்கிட்டே வரும். சோல்டரிங் அயர்னைச் சூடு பண்ணி ஸ்க்ரூ வர்ற இடத்துல ஓட்டை உருக்குங்க, பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வாக்குலயே உருகிடும், ஓரமும் சீல் ஆயிடும். பசை நல்லா காஞ்சப்புறம் பண்ணுங்க, சால்வென்ட் வாடை இருக்குறப்போ வேண்டாம். அப்புறம் ட்ரில் போட்டு, ஓட்டைக்குள்ள மரைன் சீலன்ட் விட்டு ஸ்க்ரூவை முறுக்குங்க.

நீலத்திரை:
ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ அலுமினியத்துல நேரா இறங்குற இடம் இருந்தா நைலான் வாஷரும், அரிப்புத் தடுக்குற பேஸ்ட்டும் போட்டுக்குங்க, உப்புத் தண்ணியில ஓட்டுறதா இருந்தா இதை விட்டுடாதீங்க. பசை டப்பாவுல எவ்வளவு நேரம் காயணும்னு போட்டிருப்பாங்க, அது முழுசா முடியுற வரைக்கும் சீட்டை ஏத்தாதீங்க, தண்ணியிலயும் இறக்காதீங்க.