பழைய ஜெயிலில் கேட்ட சத்தம்

அல்சூரிலிருந்து:

பெங்களூரின் பழைய ஜெயிலில் பேயைப் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று இங்கே கேட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் மட்டும்தான் எழுதலாம் என்றால் நான் எழுதவே கூடாது. அந்த ஜெயில்தான் இப்போது ஃப்ரீடம் பார்க். அங்கே நான் கேட்டது எங்கம்மாவின் வீசிங் சத்தம்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஜஸ்டிக்கில் ஒரு வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. "சேஷாத்திரி ரோடு பக்கம்தானே, பழைய ஜெயிலைப் பார்த்துட்டுப் போலாம்" என்று அம்மாவை நான்தான் இழுத்துப் போனேன். வெயில் இதமாக இருந்தது. நடுவில் அந்தக் காவல் கோபுரம், சுற்றிலும் புல்தரை, கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2008இல் பூங்காவாகத் திறந்தபோது ஒருமுறை வந்திருக்கிறேன். அப்போது எனக்கு அது வெறும் பார்க்.

கைதிகள் இருந்த கட்டடத்துக்குள் நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டார். ஆஸ்துமா ஆளுக்குக் குளிரும் பழைய சுவரும் ஆகாது என்பது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பையில் இருந்த இன்ஹேலரைத் தேடி எடுத்து இரண்டு பஃப் அடிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடமும் அவர் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். ராத்திரியில் அங்கே ஒரு பொம்பளை குரல் கேட்கும் என்று கன்னடத்தில் சொன்னார். "ஹெங்கஸு கூகோ சத்தா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து படித்த பிறகு அந்தச் சிரிப்பு தொண்டையில் மாட்டிக்கொண்டது. எமர்ஜென்சியில் இங்கே சினேகலதா ரெட்டி இருந்திருக்கிறார். கன்னட சினிமாவில் பெயர் வாங்கிய நடிகை. நம்ம சென்னையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். சோஷலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸின் நண்பர் என்பதால், எமர்ஜென்சியை எதிர்த்து டைனமைட் வைக்கச் சதி செய்ததாக அவர்மேல் போட்ட பரோடா டைனமைட் வழக்கை வைத்து இவரையும் 1976 மே மாதம் பிடித்தார்கள். கடைசியில் குற்றப்பத்திரிகையில் சினேகலதாவின் பெயரே இல்லை. இருந்தும் விசாரணையில்லாமல் அடைத்து வைக்கும் மிசா சட்டத்தில் எட்டு மாதம் உள்ளேயே வைத்திருந்தார்கள். அவருக்குக் கடுமையான ஆஸ்துமா. அதே ஜெயிலில் இருந்த சோஷலிஸ்ட் தலைவர் மது தண்டவதே, ராத்திரி அமைதியில் அவருடைய அலறல் தனக்குக் கேட்டதாகப் பின்னாளில் எழுதினார். 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். 20ஆம் தேதி இறந்துவிட்டார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். வேறு எதையும் கேட்கவில்லை. "ராத்திரில இழுப்பு வந்தா கதவை யாருடி திறப்பா?" என்றார்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து:

பேய் பேச்சை விடுங்க. எங்க தாத்தா பின்னி மில் ஆளு. பஸ்ல அந்த மதில் பக்கம் போறப்போல்லாம் "வாஜ்பாயி, அத்வானி எல்லாம் இதுக்குள்ளதான்டா இருந்தாங்க"ன்னு ஆரம்பிச்சிடுவாரு. கட்சி மாறுறதைத் தடுக்கற சட்டத்துக்கான பார்லிமென்ட் கமிட்டி கூட்டத்துக்காக ரெண்டு பேரும் பெங்களூர் வந்திருந்தாங்க. எமர்ஜென்சி வந்ததும் 1975 ஜூன் 26 காலையில இங்கயே பிடிச்சு உள்ள போட்டாங்க. கூட்டத்துக்கு வந்தவங்க பெட்டியோட ஜெயிலுக்குப் போன கதைன்னு தாத்தா சொல்றப்போ எங்களுக்கு ஒரே சிரிப்பா இருக்கும்.

இப்போ ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்களுக்கு பெங்களூர் ஜெயில்னா பரப்பன அக்ரகாரம்தான். 2014ல ஜெயலலிதா, 2017ல சசிகலா, நாமளும் டிவில பார்த்துப் பார்த்து அந்த கேட்டு மனப்பாடம். போன தடவை மதுரை மாமா ஒருத்தர் ஃப்ரீடம் பார்க் வாசல்ல நின்னுகிட்டு "அம்மா எந்த ரூம்ல இருந்தாங்க?"ன்னு கேட்டார். ஜெயிலை எப்பவோ ஊருக்கு வெளிய மாத்திட்டாங்க மாமான்னு சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.

விவேக்நகரிலிருந்து:

நீங்கள் எல்லாரும் சுற்றிப்பார்க்கப் போயிருக்கிறீர்கள். நான் போனது சம்பளத்துக்காக. ஊரில் வேறெங்கும் தர்ணா நடத்த விடமாட்டார்கள், இந்த வளாகத்தில் ஒதுக்கிய இடத்தில்தான் உட்கார வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்தோம். எங்களில் பாதிப்பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், கோஷம் மட்டும் கன்னடம்: "பேக்கே பேக்கு, நியாய பேக்கு!" (வேண்டும் வேண்டும், நியாயம் வேண்டும்). இரண்டாம் நாளே எனக்குக் குரல் போய்விட்டது. சத்தமாகக் கத்தச் சொல்லி மைக்கை நீட்டினார்கள், வெறும் காற்றுதான் வந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒருத்தர் மூச்சுக்குத் தவித்தது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு படம் கொண்டுபோய் வைத்திருப்போம்.

அல்சூரிலிருந்து:

அடுத்த தடவை தர்ணா இருந்தால் இங்கே எழுதுங்கள். படம் பிரிண்ட் போடுவது என் பொறுப்பு. அம்மா தானும் வருவேன் என்கிறார். மப்ளரும் இரண்டு இன்ஹேலரும் இருந்தால்தான் கூட்டிப் போவேன் என்று சொல்லியிருக்கிறேன்.