பழைய 7 சீட் கார்: எதை எடுப்பது? அவசரம்

தறிக்காரன் | செவ்வாய், இரவு 10:50
வணக்கம். குடும்பத்துக்கு 7 சீட் கார் ஒன்று எடுக்க வேண்டும். புதிது வாங்க வசதி இல்லை. எர்டிகா நல்லதா, ட்ரைபர் நல்லதா, இல்லை இன்னோவாவே பார்க்கலாமா? புரோக்கர் ஒரு வண்டியைக் காட்டியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டீசல் மாமா | இரவு 10:58
இன்னோவா. யோசிக்கவே வேண்டாம். அந்த 2.5 டீசல் என்ஜினுக்கு வேளாவேளைக்கு ஆயில் மாற்றினால் போதும், மூன்று லட்சம் கிலோமீட்டர் அசராமல் ஓடும். விற்கப் போனாலும் நான், நீ என்று போட்டி போட்டு வாங்குவார்கள்.

காவிரிக்கரை | இரவு 11:10
எந்த ஊர்? கையில் எவ்வளவு இருக்கிறது? மாதம் எவ்வளவு ஓடும்? ஏறப்போகும் ஏழு பேருக்கும் என்ன வயது? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அவரவர் வீட்டு வண்டியைத்தான் சொல்வார்கள். மாமா சொன்னது போல.

நெடுஞ்சாலை | இரவு 11:31
இதே கேள்விக்கு இங்கே எத்தனை இழைகள் இருக்கின்றன என்று தேடிப் பார்த்தீர்களா? தேடும் வசதி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அட்வான்ஸுக்கு நாள் குறித்துவிட்டு ஆலோசனை கேட்பது, முகூர்த்தம் குறித்துவிட்டுப் பெண் பார்ப்பது போல இருக்கிறது.

பட்டறை பாய் | புதன், காலை 6:40
தம்பி, புரோக்கர் காட்டிய வண்டி எது? வருடம், டீசலா பெட்ரோலா, எத்தனையாவது ஓனர், ஓன் போர்டா (சொந்த வண்டி), டி போர்டிலிருந்து (வாடகை வண்டி) மாற்றியதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

தறிக்காரன் | காலை 9:15
மன்னிக்கவும், ஈரோடு. ஐந்தரை லட்சம் வரை முடியும். வண்டி எர்டிகா 2014 டீசல், இரண்டாவது ஓனர், மீட்டரில் 92,000. கேட்பது 4.9 லட்சம். வெள்ளை நம்பர் பிளேட்தான். நான், மனைவி, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூடம், கடை என்று தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடும்.

காவிரிக்கரை | காலை 9:40
அந்தப் பணத்துக்கு இன்னோவா என்றால் 2010, 2011 மாடல்தான் கிடைக்கும். ஆர்சியின் 15 வருடம் முடியும் நேரம். எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி, பசுமை வரி கட்டி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லாவிட்டால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

எர்டிகா, ட்ரைபர் இரண்டிலும் மூன்றாவது வரிசைதான் விஷயம். எங்கள் வீட்டில் இருப்பது எர்டிகா. பின்னால் போக வேண்டும் என்றால் நடு சீட்டை மடக்கி முன்னே தள்ளி, குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, இடுப்பைத் திருப்பி விழ வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கோ, சீட் தரையோடு தாழ்ந்திருப்பதால் உட்கார்ந்ததும் முழங்கால் நெஞ்சை நோக்கி வந்துவிடும். அம்மாவுக்கு மூட்டு வலி உண்டா? அப்பாவையும் அம்மாவையும் ஒரு பிள்ளையோடு நடுவில் வைத்து, மற்ற இருவரைப் பின்னால் அனுப்புங்கள். அவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும்.

இன்னொன்று, ஏழு பேரும் ஏறிய பிறகு சாமான் எங்கே போகும்? முதல் தலைமுறை எர்டிகாவில் பின்னால் மிஞ்சுவது 135 லிட்டர், ட்ரைபரில் 84. இரண்டு பள்ளிப் பைகளை வைத்தால் டிக்கி மூடாது. ஊருக்குப் போக மேலே கேரியர் போட்டே ஆக வேண்டும். ட்ரைபரில் ஒரு வசதி, மூன்றாவது வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். அப்போது இடம் 625 லிட்டர்.

இளநீர் | காலை 10:05
டீசல் கார் 10 வருடம்தான் ஓட்ட முடியும் என்கிறார்களே? 2014 வண்டி இப்போதே முடிந்துபோனது அல்லவா?

நெடுஞ்சாலை | காலை 10:22
அது டெல்லி வட்டாரத்துக்கென்று போட்ட விதி ஐயா. பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் போட்டது, உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் இல்லை. வாட்ஸ்அப்பை மூடிவிட்டு வந்து எழுதுங்கள்.

இளநீர் | காலை 10:30
அப்படியானால் டெல்லியில் டீசல் வண்டிகளைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்களே, அங்கிருந்தே இறக்கலாமே?

பட்டறை பாய் | காலை 10:52
இறக்கலாம். அங்கே என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, ஓட்டி வந்து, இங்கே மறுபதிவுக்கு மறுபடி வரி கட்டி, ஆர்டிஓ அலுவலகத்துக்கு நடையாய் நடந்து முடித்தால் சல்லிசு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

டீசல் மாமா | காலை 11:15
விஷயத்துக்கு வாருங்கள். இந்த ஈ20 காலத்தில் பழைய பெட்ரோல் வண்டியை எவன் வாங்குவான்? பெட்ரோலில் பத்தில் இரண்டு பங்கு எத்தனால். 2023க்கு முந்திய வண்டிகள் அதற்காகச் செய்தவையே அல்ல. எர்டிகா டீசலே சரி.

காவிரிக்கரை | காலை 11:34
மாமா, எங்களுடையது பெட்ரோல்தான், ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மைலேஜ் குறையும் என்பது உண்மை. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய வகை நான்கு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்கிறது. தினமும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அது மாதம் எத்தனை ரூபாய்?

டீசல் மாமா | காலை 11:41
ரூபாய் மட்டுமா? ரப்பர் குழாய், கேஸ்கட் எல்லாம் போனால் யார் கொடுப்பார்கள்?

நெடுஞ்சாலை | காலை 11:50
டீசலில் இன்ஜெக்டர் போனால் மட்டும் மாமா கொடுத்துவிடுவாரா?

டீசல் மாமா | காலை 11:52
நீங்கள் கடைசியாக எப்போது சொந்தக் காசில் டீசல் போட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?

(இதற்குப் பிறகு வந்த ஈ20 பதில்கள் தனி இழைக்கு மாற்றப்பட்டன.)

பட்டறை பாய் | பிற்பகல் 2:20
தம்பி, அவர்கள் சண்டை போடட்டும். அந்த வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

2014 டீசல், 92,000 என்றால் எனக்குச் சந்தேகம்தான். கூடுதல் விலை கொடுத்து டீசல் எடுத்தவர் ஓட்டத்தானே எடுத்திருப்பார்? பிரேக் பெடலைப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து வரிகள் அழிந்திருந்தால் 92,000 பொய்யாக இருக்கலாம். வரியெல்லாம் பளிச்சென்று புதிதாக இருந்தால் யார், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஓட்டுநர் சீட்டின் வலது ஓரத்தைக் கையால் அமுக்குங்கள். நாள் முழுக்க ஏறி இறங்கிய வண்டியில் அந்த ஓரத்துப் பஞ்சு செத்துப்போயிருக்கும், உறை புதிதாக இருந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும். டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பீடு கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) பொருத்தி வெட்டிய ஒயர் கண்ணில் பட்டால் அது டி போர்டில் ஓடிய வண்டி. வெள்ளை பிளேட் இன்றைக்கு இருப்பதைத்தான் சொல்லும். முதல் பதிவு என்னவாக இருந்தது என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பாருங்கள். இத்தனை வருட வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) பூஜ்யம் என்றால், போன வருடம் கிளெய்ம் வாங்கினார்களா, பாலிசியை விட்டுவிட்டார்களா என்று கேளுங்கள்.

காலையில் என்ஜின் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போது போங்கள். சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இந்த எர்டிகா டீசலில் பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின். ஸ்டார்ட் செய்ததும் சலசலவென்று சத்தம் வந்து நிற்காவிட்டால் செலவு இருக்கிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளக் கூடாது.

தறிக்காரன் | மாலை 6:05
ரொம்ப நன்றி பாய். அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது, காவிரிக்கரை அக்கா எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை. பெரியவனுக்கு 12. வண்டி நன்றாக இல்லாவிட்டால் ட்ரைபருக்கே போய்விடலாம் என்று மனைவி சொல்கிறாள். குலதெய்வம் கொல்லிமலையில் இருக்கிறது, அமாவாசைதோறும் எல்லோரும் போவோம்.

காவிரிக்கரை | மாலை 6:12
இதை நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா!

டீசல் மாமா | மாலை 6:20
கொல்லிமலையா? 70 கொண்டை ஊசி வளைவு. ட்ரைபர் ஒரு லிட்டர் என்ஜின், 72 குதிரைத்திறன், டார்க் (இழுக்கும் திறன்) 96. எர்டிகா டீசலுக்கு 200. ஏழு பேரையும் ஏற்றி ஏசியும் போட்டு ஏறிப் பாருங்கள், முதல் கியரை விட்டு மாற்ற விடாது.

காவிரிக்கரை | மாலை 6:35
மாமா சொல்வதில் இந்த ஒரு முறை நியாயம் இருக்கிறது. ஏசியை அணைத்து, நிதானமாக ஓட்டினால் ட்ரைபரும் ஏறும். ஆனால் மாதாமாதம் என்றால் நான் எர்டிகாவுக்கே போவேன். பெட்ரோலிலும் 130 டார்க் உண்டு. எதை எடுத்தாலும் வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றி ஒரு மேட்டில் நிறுத்தி எடுத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். கிளட்ச் கதை அங்கே தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலை | சனி, காலை 8:10
என்ன ஆயிற்று? கேட்டவர் காணாமல் போவதும் இங்கே வழக்கம்தான்.

தறிக்காரன் | அடுத்த வெள்ளி, இரவு 9:30
அந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாய் சொன்ன ஒயர் இருந்தது, ஆர்டிஓ பதிவிலும் முதலில் டி போர்டு. தெரிந்தவர் ஒருவரின் 2016 பெட்ரோல் எர்டிகாவை முடித்துவிட்டோம், அம்மா நடுவில் வசதியாக உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் நன்றி.

டீசல் மாமா | இரவு 9:34
பெட்ரோலா?

பட்டறை பாய் | இரவு 9:50
நல்லது தம்பி. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்றவர் கையெழுத்தை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். கடன் இருந்த வண்டி என்றால் 35உம் வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அவருடையது, அதை அவரையே மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள்.