பிரேக் பிடித்தால் ட்ரெய்லர் விளக்கு மங்குகிறது: பல்பிலா, வயரிங்கிலா கோளாறு?

கேள்வி: மலைச்சாலை

வணக்கம். நான் வட கரோலைனாவில் இருக்கிறேன். என் ஹோண்டா கோல்ட்விங் பைக்கின் பின்னால் இழுத்துச் செல்ல, ஃபைபர் பெட்டி வைத்த சிறிய ட்ரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். டெயில் லைட் மட்டும் எரியும்போது குறை தெரிவதில்லை. ஆனால் பிரேக்கை அழுத்தினால், பளிச்சென்று எரிய வேண்டிய விளக்கு மங்கிவிடுகிறது. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட்டும் அதே வேகத்தில் துடிக்கிறது. வளைவில் வண்டி சாயும்போது இது இன்னும் மோசமாகிறது என்று பின்னால் வந்த நண்பர் சொன்னார். பல்புகளைப் புதிதாக மாற்றியும் பயனில்லை. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டால் பைக்கின் விளக்குகள் அனைத்தும் சரியாக எரிகின்றன. அடுத்த மாதம் ப்ளூ ரிட்ஜ் பார்க்வேயில் போகத் திட்டம். அந்தச் சாலையில் 26 சுரங்கப்பாதைகள் இருப்பதால் பின்விளக்கை நம்பாமல் கிளம்ப மனம் வரவில்லை. எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

பதில் 1: பழைய வயர்மேன்

பல்பை விட்டுவிட்டு எர்த்தைப் பாருங்கள், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியை. நீங்கள் சொல்லும் மூன்று அறிகுறிகளும் அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன.

காரணத்தைச் சொல்கிறேன். அமெரிக்க ட்ரெய்லர்களில் பரவலாக இருக்கும் 1157 பல்பில் இரண்டு இழைகள் உண்டு. டெயில் இழை ஏறத்தாழ 0.6 ஆம்பியரும் பிரேக் இழை 2.1 ஆம்பியரும் எடுக்கும். இரண்டுக்கும் பல்பின் உலோக உறைதான் பொதுவான எர்த். இடம், வலம் இரண்டு விளக்குகளின் மின்சாரமும் திரும்பிச் செல்லும் வழியில் ஒரே ஓர் ஓம் தடை இருந்தால்கூட, டெயில் மட்டும் எரியும்போது ஒரு வோல்ட் அளவுதான் வீணாகும், அது கண்ணுக்குத் தெரியாது. பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் நான்கு வோல்ட்டுக்கு அருகில் போய்விடும். இழை பல்பில் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் முக்கால் பங்கு போய்விடும் என்பதால்தான் உங்களுக்கு அது மங்கலாகத் தெரிகிறது. இண்டிகேட்டரும் அதே எர்த்தைப் பயன்படுத்துவதால் டெயில் லைட்டையும் தன்னோடு துடிக்க வைக்கிறது.

ஃபைபர் பெட்டி என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். இரும்புப் பெட்டி என்றால் விளக்கை முடுக்கும் போல்ட்டே ஓரளவு எர்த் ஆகிவிடும். ஃபைபரில் அதற்கு வழியே இல்லை, ஒவ்வொரு ஹோல்டருக்கும் தனி வயர் போக வேண்டும். அந்த வயர் எங்காவது விட்டுப்போயிருந்தால், மின்சாரம் ட்ரெய்லரின் இரும்புச் சட்டமான சேஸிஸ் வழியாகப் போய், பைக்கோடு ட்ரெய்லரை இணைக்கும் இழுவைப் பந்தின் மூலமாகத்தான் பைக்குக்குத் திரும்பும். கிரீஸ் தடவிய பந்து நல்ல எர்த் ஆகாது. வண்டி சாயும்போது பந்தின் தொடுபரப்பு மாறுவதால், உங்கள் நண்பர் வளைவில் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பைக் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையை விளக்கு ஹோல்டரின் உறையிலும் தொட்டுக்கொண்டு, ஒருவரைப் பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அதிகமாக இருந்தால், சிவப்பு முனையை ட்ரெய்லர் சேஸிஸ், இழுவைக் கம்பி, கனெக்டரின் வெள்ளை (எர்த்) வயர் என்று ஒவ்வொரு இடமாக முன்னோக்கி நகர்த்துங்கள். எந்த இடத்தில் அளவு சட்டென்று விழுகிறதோ, கோளாறு அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஓம் அளவில் வைத்துச் சோதிக்க வேண்டாம். ஒற்றை நூலில் தொங்கும் வயர்கூட மீட்டரில் நல்லதாகவே காட்டும், சுமை ஏறினால்தான் அதன் குட்டு வெளிப்படும்.

பதில் 2: இரவுப்பயணி

எல்லாவற்றையும் எல்இடிக்கு மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து. மின்சாரம் குறைவாக எடுப்பதால் இந்தத் தொல்லையே இருக்காது.

பதில் 3: பழைய வயர்மேன்

எல்இடிக்கு மாறுவதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் எர்த்தைச் சரிசெய்த பிறகு மாற்றட்டும். குறைந்த மின்சாரத்தில் கெட்ட எர்த்தும் வேலை செய்வது போலத் தெரியும். களிம்பு இன்னும் கொஞ்சம் ஏறியதும் ஒரு மழை நாளில் மொத்தமாக அணைந்துவிடும். மேலும், பைக்கின் இண்டிகேட்டர்களையும் எல்இடியாக மாற்றினால் சில வண்டிகளில் இண்டிகேட்டரைத் துடிக்க வைக்கும் ஃபிளாஷர், பல்பு போய்விட்டதாக நினைத்து வேகமாகத் துடிக்கும். அதற்காகச் சேர்க்கும் 6 ஓம் ரெசிஸ்டர், இண்டிகேட்டர் எரியும் போதெல்லாம் 25 வாட்டுக்கும் மேல் வெப்பத்தைக் கக்கும். அதை ஃபைபர் மீது ஒட்டிவிடாதீர்கள், உலோகத்தில் திருகுங்கள்.

பதில் 4: மலைச்சாலை

சோதித்துவிட்டேன், ஐயா. பிரேக் பிடித்தபோது ஹோல்டரில் 4.1 வோல்ட், சேஸிஸில் 4.0. கனெக்டரின் பைக் பக்கத்து வெள்ளை முனையில் மட்டும் சுத்தமாகப் பூஜ்யம். ட்ரெய்லர் பக்கத்து உறையைக் கிழித்துப் பார்த்தால், வெள்ளை வயர் கனெக்டரின் உலோக முனையோடு சேரும் இடத்தில் பச்சைக் களிம்பேறிப் பொடியாக உதிர்ந்தது. அங்கே பழைய ஆள் வயரை வெட்டி இணைக்கும் கிளிப் ஒன்றைப் போட்டிருந்தார். நீர் புகுவதற்கு வேறென்ன வேண்டும்! புதிய வயரை எப்படி இணைப்பது நல்லது?

பதில் 5: பழைய வயர்மேன்

களிம்பு செம்புக்குள் மேலேறியிருக்கும் என்பதால், பளபளப்பான செம்பு தெரியும் வரை பழைய வயரை வெட்டி எறியுங்கள். வெள்ளை வயரை மற்றவற்றை விடக் கொஞ்சம் தடிமனாகப் போடுங்கள், எல்லா விளக்குகளின் மின்சாரமும் அதன் வழியேதான் திரும்புகிறது. ஈயம் வைப்பதை விட, நல்ல கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, உள்ளே பசை உள்ள வெப்பச் சுருக்குக் குழாயைப் போடுவது மேல். ஈயம் ஏறிய வயர் அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒடிந்துவிடும். சேஸிஸில் பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு முனையை முடுக்கி, அதன்மேல் மறுபடி பெயின்ட் பூசுங்கள். கேபிளுக்குப் பைக் முழுமையாகச் சாய்ந்து திரும்பும் அளவுக்குத் தளர்வு வேண்டும், ஆனால் சாலையில் உரசக் கூடாது. முடிந்ததும் டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டு அளந்து சொல்லுங்கள்.

பதில் 6: மலைச்சாலை

மூன்றும் சேர்ந்து எரியும்போது 0.1 வோல்ட். இழுவைப் பந்திலிருந்து ட்ரெய்லரைக் கழற்றி, கேபிளை மட்டும் மாட்டிப் பார்த்தும் அதே அளவு.