எட்டுக் கட்டத்துக்குள் அடங்காத ண

மாம்பலத்துக்காரன்:
எங்க வீட்டுக்கு ஸ்பெக்ட்ரம் என்ற குட்டி கம்ப்யூட்டர் வந்தது 1987இல். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கலர் டிவியோடு சேர்த்துக் கொண்டுவந்தார். 48 கேபி மெமரி. கீயெல்லாம் அழிரப்பரை அமுக்குற மாதிரி இருக்கும். பிளக்கைச் செருகினால் ரெண்டு விநாடியில் '1982 சின்க்ளேர் ரிசர்ச்' என்று ஒரு வரி. அப்புறம் நம்ம பாடு.

எனக்கு அதில் தமிழ் வரணும். நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துக்கு இடம் உண்டு, ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டம். கணக்கு நோட்டில் கட்டத்தை நிரப்பி, வரிக்கு ஓர் எண் போடணும்: இடமிருந்து 128, 64, 32 என்று பாதியாகிக்கொண்டே 1 வரை கட்டத்துக்கு மதிப்பு, நிரப்பினதையெல்லாம் கூட்டணும். ட சுலபம்: ஆறு தடவை 64, அடியில் ஒரு 126, கடைசியில் 0. 64ஐ 66 ஆக்கினால் ப. ம்-க்குப் புள்ளி வைக்க மேல் வரியைக் காலியாக விடணும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. டிவியில் 'படம்' என்று வந்ததும் பாட்டி எட்டிப்பார்த்து, "என்ன படம்டா?" என்றாள்.

வம்பு என் பேரில். கண்ணன். ண-வின் சுழிகள் எட்டுக் கட்டத்தில் ஒட்டிக்கொண்டு கரப்பான் மாதிரி ஆயிடும். கடைசியில் ரெண்டு இடம் ஒதுக்கி ஒப்பேற்றினேன். டேப்பில் சேவ் பண்ணுவதற்குள் அம்மா மிக்ஸி போட, வோல்டேஜ் இறங்கி, மறுபடி '1982'. நோட்டு இருந்ததால் பிழைத்தேன்.

இப்போ போனில் தமிழ்99, அதே 1999 சென்னை மாநாட்டு விசைப்பலகைதான். ண-வுக்கு ஒரே தட்டு. சௌகரியம்தான், மறுக்கலை. ஆனா 64, 126 இன்னும் மறக்கலை.

அடையாறு அக்கா:
எங்க ஸ்கூலில் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பழக்க 1984இல் மத்திய அரசு தொடங்கின 'கிளாஸ்' என்ற திட்டத்தில் வந்தது. செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் உள்ளே போகணும், மெஷினுக்கு நாலு பேர். ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் கை தவறி பிரேக் கீயைத் தட்டிட்டா. ப்ரோக்ராம் காணோம், ஒரே அழுகை. சார் வந்து 'ஓல்ட்' என்று மூணே எழுத்து அடித்தார், அத்தனை வரியும் திரும்பி வந்தது! நேற்று என் லேப்டாப் அப்டேட் முடிந்து எழுந்தபோது பிரிண்டர் காணாமல் போயிருந்தது. அதற்கு என்ன அடிக்கணும்னு யாராவது சொல்லுங்க.

ரிச்சி தெரு ரசிகன்:
அக்கா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, அதான் இன்னைக்கு 'ஓல்ட்'.
மாம்பலம் சார், ண-வுக்கே ரெண்டு போனா மிச்சம் 19 தானே? மத்த எழுத்தெல்லாம் எங்கே வச்சீங்க?

மாம்பலத்துக்காரன்:
கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி. ர-வையும் காலையும் ஒரே கட்டத்தில் முடித்தேன். ள-வுக்குக் கடைசி வரை இடம் கிடைக்கலை. என் மெஷினில் பள்ளிக்கூடமே கிடையாது.