அடைமழைக் காலத்தில் பைப் புகையிலை ஈரமாகிவிடுகிறது

திருவையாற்றுக்காரர்:
வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு, மாலையில் திண்ணையில் அமர்ந்து, காவிரியில் நீர் போவதைப் பார்த்தபடி ஒரே ஒரு பைப் புகைப்பது என் அன்றாட வழக்கம். அந்த முக்கால் மணி நேரத்தை நான் பெரிதும் விரும்புகிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து பைப்பின் அடியில் நீர் கோத்துக் களகளவென ஒலிக்கிறது, நாக்கும் எரிகிறது. என்ன செய்யலாம்?

குடந்தைவாசி:
ஐயா, புகையிலை ஈரமாக இருப்பதும், அணைந்துவிடுமோ என்று நாம் வேகமாக இழுப்பதும்தான் இரண்டுக்கும் காரணம். பற்றவைப்பதற்கு அரைமணி முன்பே தேவையான அளவை வெள்ளைத்தாளில் பரப்பி வையுங்கள். கிள்ளிப் பார்த்தால் ஒட்டாமல் மெல்லப் பிரிய வேண்டும், பொடியாக உதிரக்கூடாது. அடியில் தளர்வாகவும் மேலே போகப்போகச் சற்று அழுத்தியும் நிரப்பி, முதல் நெருப்பில் புடைத்தெழும் இலையை மெதுவாக அமுக்கிவிட்டு மறுபடி பற்றவையுங்கள். இடையில் அணைந்தால் அணையட்டும், அதில் குறையொன்றுமில்லை. பைப் செய்யப் பயன்படும் பிரையர் என்ற செடியின் வேர்க்கட்டை ஈரத்தை உறிஞ்சும் என்பதால், இரண்டு பைப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

வேதாரண்யத்துக்காரர்:
எங்கள் ஊர் மணற்பாங்கில் விளைவது மெல்லும் புகையிலை. அதைப் பைப்பில் கலந்து பார்க்க வேண்டாம். மற்றொன்று, புகையை உள்ளிழுக்காவிட்டாலும் வாய்ப்புற்றுநோய்க்கு இடமுண்டு. எரிச்சலோ புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். என் சிற்றப்பா அதைத் தள்ளிப்போட்டார் என்பதால் வலியுறுத்திச் சொல்கிறேன்.

திருவையாற்றுக்காரர்:
இன்று தாளில் உலர்த்திப் பார்த்தேன், ஒலி நின்றுவிட்டது. நாக்கை நாளை மருத்துவரிடம் காட்டுகிறேன்.