புதுப்பிப்பு: பீச்வொர்த் போய் வந்தாச்சு

மெல்போர்னிலிருந்து கார் இல்லாமல் பீச்வொர்த் போக முடியுமா, ஒரு ராத்திரி தங்கும் அளவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். முடியும். வாங்கரட்டா வரை ரயில், அங்கிருந்து பேருந்து. நேரம் மட்டும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

1852இல் தங்கம் கிடைத்ததால் வளர்ந்த ஊர். தேன் நிறக் கருங்கல் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லோரும் சொன்ன நீதிமன்றத்துக்குத்தான் முதலில் போனேன். ஆஸ்திரேலியாவின் பேர்போன கொள்ளைக்காரர் நெட் கெல்லியை 1880 ஆகஸ்டில் ஆரம்ப விசாரணைக்கு நிறுத்திய குற்றவாளிக் கூண்டு இன்னும் இருக்கிறது. எனக்கு உறைத்தது வேறு: இரண்டு வருடம் முன்பே, 1878இல், அவருடைய அம்மா எல்லனுக்கு இதே நீதிமன்றத்தில் மூன்று வருட தண்டனை. தீர்ப்பளித்தவர் ரெட்மண்ட் பாரி. பிறகு மெல்போர்னில் மகனுக்கும் தூக்கு விதித்தவர் அவரே.

பர்க் அருங்காட்சியகம் பரவாயில்லை ரகம்.

கல்லறைத் தோட்டத்தைத் தவற விடாதீர்கள். தங்கம் தேடி வந்து இங்கேயே இறந்துபோன சீனர்களுக்குத் தனிப் பகுதி. இறந்தவர்களுக்குப் படையலாகக் காகிதப் பணமும் வேண்டுதல் தாள்களும் எரிக்க 1857இல் கட்டிய இரட்டைக் கோபுரங்கள், பக்கத்தில் பலிபீடம், சீன எழுத்து வெட்டிய குட்டைக் கற்கள். நெட் கெல்லிக்காக வரும் சுற்றுலாக் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை!

அப்புறம், தங்குவது பற்றி: தங்குங்கள். ஒரே நாளில் போய்வந்தால் பாதி நேரம் ரயிலில்தான்.