கல்லில் செருகிய வாள்: ஆர்தரை அரசனாக்கியது வாளா, ஊராரா?

ஏட்டுப்புழு:
"வாளை உருவினான், ராஜா ஆனான்" என்று ஒரே வரியில் பிரிட்டனின் பழங்கதை அரசன் ஆர்தரின் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆங்கில எழுத்தாளர் மேலரி ஆர்தர் கதைகளைத் தொகுத்து எழுதியதை (எழுதி முடித்தது 1469–70, அச்சகர் காக்ஸ்டன் அச்சிட்டது 1485) வரிசையாகப் பாருங்கள். புத்தாண்டு அன்று ஆர்தர் வாளை உருவுகிறான். ஜனவரி 6 அன்று பிரபுக்கள் எல்லார் முன்னிலையிலும் மறுபடி உருவுகிறான். "குலம் கோத்திரம் தெரியாத பொடியனா நம்மை ஆள்வது?" என்று பிப்ரவரி 2க்குத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு ஈஸ்டருக்கு, அதன் பிறகு பெந்தகோஸ்தேக்கு (ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் திருநாள்). ஒவ்வொரு முறையும் அவன் ஒருவனால்தான் முடிகிறது, ஒவ்வொரு முறையும் வாய்தா. கடைசியில் பொதுமக்கள் "ஆர்தர்தான் எங்கள் அரசன், இனியும் இழுத்தடித்தால் வெட்டு விழும்" என்று கத்திய பிறகுதான் பிரபுக்கள் மண்டியிடுகிறார்கள். வாள் ஐந்து மாதமாகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. என் கணக்கில் முடிசூட்டியது ஊரார்தான்.

வாள்முனை:
இல்லவே இல்லை. சதுரக் கல், நடுவில் ஓரடி உயர எஃகுப் பட்டடை, அதில் நுனி இறங்கிய வாள், அதைச் சுற்றிப் பொன் எழுத்து: இதை உருவுபவனே பிறப்பால் இங்கிலாந்தின் உரிமையுள்ள அரசன். உரிமை பிறப்பில் இருக்கிறது, வாள் அதைக் காட்டுகிறது. மக்கள் கத்தியதும் "இது கடவுள் சித்தம் என்று கண்ணால் கண்டோம்" என்றுதானே? அவர்கள் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. அதை நிறைவேற்றச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

கரிசல்:
இரண்டு பேரும் ஆர்தரை வளர்த்த எக்டரை விட்டுவிட்டீர்கள். இந்தக் கதையில் சோதனை என்றால் என்னவென்று புரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ஈட்டிப் போட்டிக்குக் கிளம்பிய எக்டரின் மகன் கே வாளை வீட்டில் மறந்துவிடுகிறான். எடுத்து வரப் போன ஆர்தர் பார்த்தால், வீட்டில் எல்லாரும் போட்டி பார்க்கப் போயிருக்கிறார்கள். தேவாலய முற்றத்துக்குப் போகிறான். காவலுக்கு வைத்த வீரர்களும் போட்டி பார்க்கப் போய்விட்டார்கள். ஆக, முதல் முறை உருவியதற்கு ஒரு சாட்சிகூட இல்லை. கே வாளைக் கையில் வாங்கியதும் அப்பாவிடம் போய் "நான்தான் அரசன்" என்கிறான். அடையாளம் மட்டுமே போதும் என்றால் கே அன்றே அரசன்.

எக்டர் என்ன செய்கிறார்? மூவருமாகத் தேவாலயத்துக்குத் திரும்புகிறார்கள். வேதப் புத்தகத்தின் மேல் கேயைச் சத்தியம் செய்ய வைக்கிறார், உண்மை வந்துவிடுகிறது. ஆர்தரை வாளைத் திரும்பச் செருகச் சொல்கிறார். தான் இழுத்துப் பார்க்கிறார், வரவில்லை. கே இழுக்கிறான், வரவில்லை. ஆர்தர் இழுக்கிறான், வந்துவிடுகிறது. வாள் யார் கையில் இருக்கிறது என்பதை அவர் பொருட்படுத்தவே இல்லை. மற்றவர்கள் தோற்ற இடத்தில் திரும்பச் செய்துகாட்டு என்கிறார். ஜனவரி 6க்குப் பிறகு கல்லுக்கு மேலே கூடாரம், பத்து வீரர்கள், எந்நேரமும் ஐந்து பேர் விழிப்பு என்று காவலை இறுக்கியதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

மதுரைவீரன்_82:
இதுதானே ஆர்தரின் புகழ்பெற்ற வாள் எக்ஸ்காலிபர்?

கரிசல்:
மேலரியிடமே குழப்பம் இருக்கிறது. கல்லிலிருந்து வந்த வாள் பெல்லினோர் அரசனுடன் நடந்த சண்டையில் முறிந்துபோகிறது. ஏரி மங்கையிடமிருந்து கிடைப்பது வேறொரு வாள், அதுதான் எக்ஸ்காலிபர். ஆனால் அதற்கு முன்பே நடந்த ஒரு போரில் முதல் வாளையும் அதே பெயரால் சொல்லிவிடுகிறார். பழைய பிரெஞ்சுக் கதைகளில் இரண்டு மரபும் உண்டு, அவர் இரண்டிலும் கை வைத்ததன் விளைவு.

ஏட்டுப்புழு:
வாள்முனை, அந்த வாளே பின்னால் ஒட்டவைத்ததுதான். வரலாற்று நூலாசிரியர் மான்மத் ஜெஃப்ரி 1136 வாக்கில் எழுதியபோது கல்லும் இல்லை, பட்டடையும் இல்லை. ஆர்தரின் தந்தை உதர் அரசன் இறந்ததும் பிரபுக்கள் சில்செஸ்டரில் கூடுகிறார்கள், சாக்சன் படை நெருக்குகிறது, பேராயர் டுப்ரீசியஸ் 15 வயது ஆர்தருக்கு முடிசூட்டுகிறார். அங்கே எல்லாருக்கும் அவன் உதரின் மகன் என்று தெரியும், சோதனைக்கு வேலையே இல்லை. 1200ஐ ஒட்டி பிரெஞ்சுக் கவிஞர் ராபர்ட் த போரோன்தான் பிள்ளையை மறைத்து வேறு வீட்டில் வளர்க்கவிட்டு, வாளையும் கொண்டுவருகிறார். வாரிசை ஒளித்துவைத்தால் அவனைக் கண்டுபிடிக்க ஒரு கருவி தேவைப்படுமல்லவா?

தாமரைக்குளம்:
இத்தாலியின் டஸ்கனியில் மான்டெசியெபி தேவாலயத்தில் பாறையில் செருகிய நிஜ வாளே இருக்கிறது. அதைச் செருகியதாகச் சொல்லப்படும் கால்கானோ 1181இல் இறந்தார், 1185இல் புனிதர் பட்டம். காலம் பொருந்துகிறதே, அங்கிருந்து வந்திருக்கலாமே?

ஏட்டுப்புழு:
காலம் பொருந்துவது மட்டும் போதாது. கால்கானோ போர்த்தொழிலைத் துறக்க வாளைப் பாறையில் இறக்கினார், ஆர்தர் ஆட்சி ஏற்க உருவினான். திசையே நேரெதிர். பட்டடையும் அங்கே கிடையாது.

வாள்முனை:
கருவி பின்னால் வந்தது என்பதால் அது எதையும் நிரூபிக்கவில்லை என்று ஆகிவிடுமா? மேலரியின் கதைக்குள் நின்று பேசுங்கள்.

ஏட்டுப்புழு:
சரி, கதைக்குள்ளேயே வருகிறேன். முடிசூட்டிய பிறகு லாட் முதலான அரசர்கள் கார்லியன் நகரில் "மீசை முளைக்காத பையன்" என்று ஆர்தர் அனுப்பிய பரிசை மறுக்கிறார்கள். ஆர்தரின் ஆலோசகர் மெர்லின் வந்து அவன் பிறப்பை விளக்குகிறார்: ஆர்தரின் தாய் இக்ரேனின் முதல் கணவரான கார்ன்வால் பிரபு இறந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே கருத்தரிப்பு, பதின்மூன்றாம் நாள் உதருக்கும் இக்ரேனுக்கும் கல்யாணம், ஆகவே முறைப்படி பிறந்தவன். லாட் சிரிக்கிறான். வேறு சிலர் மெர்லினை மந்திரவாதி என்கிறார்கள். அப்புறம் பதினோரு அரசர்களோடு போர். வாளே பிறப்பைக் காட்டியிருந்தால் மெர்லின் இப்படி மணிக்கணக்குச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? போருக்குப் பிறகு உதரின் வீரனாக இருந்த உல்ஃபியஸ், "நீ அன்றே வாய்திறந்திருந்தால் இத்தனை சாவு இல்லை" என்று சபையில் இக்ரேன் மேலேயே குற்றம் சாட்டுகிறான். அவள் பிள்ளை பெற்றது உண்மை என்கிறாள், எங்கே போனான் என்று தெரியாது என்கிறாள். உதரின் கட்டளைப்படி வளர்த்தேன் என்று எக்டர் சொன்ன பிறகுதான் சங்கிலி முழுமையாகிறது.

வாள்முனை:
அந்தச் சாட்சி வந்தபோது கிரீடம் ஏற்கெனவே அவன் தலையில். லாட் சிரித்தது வாளின் குறையா, லாட்டின் குறையா? நானும் அரசன் என்று நினைப்பவனுக்கு எந்தச் சான்றைக் காட்டினாலும் சிரிக்கத்தான் செய்வான்.